பள்ளத்தை மூடிய பிறகு

போன வாரம் ஆட்டோமொபைல் படிக்கிற நீங்கள் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து, "மசில் கார் சஸ்பென்ஷனைப் பத்தி ஏதாச்சும் சொல்லுங்க மேடம்" என்று கேட்டீர்கள். டீ குடித்தீர்கள், முறுக்கைக் காலி செய்தீர்கள், போய்விட்டீர்கள். நான் உருப்படியாக ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேச்சு வராத ஜென்மம் நான். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் எனக்கு வாய் திறக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அதுவும் கையில் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

அமெரிக்க மசில் காருக்கு, நேர் ரோட்டில் பாயத்தான் லாயக்கு என்று ஒரு காலத்தில் பேர். பெரிய எஞ்சின், நீண்ட மூக்கு, பின்னால் லாரியில் இருப்பதைப் போல இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டிய ஒற்றை அச்சு. ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் மற்றதும் கூடவே தடுமாறும். வளைவு வந்தால் ஓட்டுகிறவர் குலசாமியைக் கூப்பிட வேண்டியதுதான். இப்போது வருகிற வண்டிகள் வேறு ஜாதி. பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நாலைந்து இரும்புக் கைகளில் தொங்குகின்றன. ஷாக் அப்சார்பர் ரோட்டைப் பார்த்துத் தானே இறுகுகிறது, தானே இளகுகிறது. இதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது, நான் திருப்பிச் சொல்லப் போவதில்லை. அந்த இரும்புக் கைகள் வண்டியோடு சேரும் இடத்தில் எல்லாம் ஒரு ரப்பர் புஷ் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அந்த ரப்பர் ஒன்றால் எனக்கு நேர்ந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் பட்டறை உழவர்கரைப் பக்கம் இருந்தது. பிஒய் என்று புதுச்சேரி நம்பர் போட்ட பெரிய வண்டிகளுக்கு நம் ஊரில் எப்போதும் பஞ்சம் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குறைதான் சொல்வார்கள்: ஸ்பீட் பிரேக்கரில் வயிறு இடிக்கிறது. அந்த நாட்டு எஞ்சினியருக்கு முத்தியால்பேட்டை ஸ்பீட் பிரேக்கரைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்? பின்பக்கத்தைப் பிரித்து, ஸ்பிரிங்கை மாற்றி, வண்டியை ஒரு விரல் அளவு தூக்கி, மறுபடி எல்லாவற்றையும் சரிக்கட்டிக் கொடுப்போம். பிரித்துச் சேர்ப்பது ஏழுமலை. என்னைவிட மூன்று வயது சின்னவன், என்னைவிட முன்னால் வேலைக்குச் சேர்ந்தவன், "நூரக்கா" என்றுதான் கூப்பிடுவான். ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டிப் பார்க்கிறவளுக்கு வண்டியில் என்ன வேலை நடந்தது என்று யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் மனசு அதையே தேடும். புது ஷாக் போட்டிருக்கிறது என்று தெரிந்தால் பழைய கட்டை வண்டிகூட வெண்ணெய் மாதிரி போவதாகத் தோன்றும். அதனால் வேலை நடக்கும்போது நான் பின்கட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். முன்னறையில் உட்கார்ந்திருப்பேன். சாவி வரும், ஓட்டுவேன், வண்டி என்ன சொன்னதோ அதை எழுதுவேன். அதற்குப் பிறகுதான் ஏழுமலை அவன் செய்ததைச் சொல்வான். இரண்டும் பொருந்தினால் கையெழுத்து. இந்த வழக்கத்தில் எனக்குப் பெருமை அதிகம். என் அத்தா நான் வண்டி ஓட்டுவதை ஒத்துக்கொள்ளவே பல வருஷம் ஆயிற்று. அப்படிப்பட்டவளின் கையெழுத்துக்காக மெட்ராஸிலிருந்து வண்டி வருகிறது என்றால் தலை கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

இன்னொரு பெருமையையும் சொல்லிவிடுகிறேன். பட்டறையில் லாரி காலத்துப் பள்ளம் ஒன்று இருந்தது. வண்டியை மேலே நிறுத்திவிட்டு, ஆள் பள்ளத்துக்குள் இறங்கி, நிமிர்ந்து பார்த்து வேலை செய்ய வேண்டும். மழைக்காலத்தில் அதில் முழங்கால் தண்ணீர் ஊறும், கொசு மொய்க்கும். ஒருநாள் வெல்டிங் செய்கிறவர் கால் தவறி விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டது. அன்றிலிருந்து முதலாளியைத் தூங்கவிடாமல் செய்தேன். "இந்தக் காலத்துல யாராச்சும் பள்ளத்துல இறங்கி வேல செய்வாங்களா? வண்டியத் தூக்குற லிஃப்ட் வாங்குங்க." ஆறு மாதம் நச்சரித்து வாங்கவைத்தேன். வண்டியின் உடம்பை இரண்டு பக்கமும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கும் லிஃப்ட். பள்ளத்தில் கல்லும் மண்ணும் கொட்டி சிமெண்ட் பூசினார்கள். ஏழுமலைகூட, "நல்ல காரியம்க்கா, முட்டி வலி கொறைஞ்சுது" என்றான். எல்லோருக்கும் சந்தோஷம்.

லிஃப்ட் வந்தபிறகு எங்கள் வேலை நன்றாகியிருக்கிறது என்றே நினைத்தேன். ஓட்டிப் பார்த்தால் வண்டிகளில் ஒரு இறுக்கம் தெரிந்தது. பின்பக்கம் கச்சென்று இருந்தது. நானும் "இறுக்கமாக இருக்கிறது, நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதில் வெட்கப்பட ஒரு விஷயம் இருக்கிறது. மெட்ராஸிலிருந்து வருகிற வாலிபர்கள் ஸ்பிரிங்கைக் கட்டை மாதிரி கடினமாக்கச் சொல்லிக் கேட்பார்கள். கடினமாக இருந்தால் ரேஸ் வண்டி என்று நினைப்பு. நான் அவர்களைக் கிண்டல் செய்வேன்: "தம்பி, முதுகு வலிக்குதுன்னா ரோட்டைப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் இல்ல. குழியில டயர் தரையிலயே நிக்கணும், அதுக்குப் பேர்தான் பிடிப்பு." ஊருக்கு உபதேசம் செய்தவள் அதே குழியில் விழுந்தேன். இறுக்கம் ஏன் வந்தது என்று ஒரு தடவை கேட்டிருந்தால் போதும்.

இனி முசேயைப் பற்றி. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய சொல்தாக்களில் அவர் ஒருவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் முசே, பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம். என்னை அவர் "மதாம்" என்பார். ஒரே மகள், செலின், பிரான்சில் நர்ஸ். மனைவி இறந்தபின், வேறு செலவு எதுவும் இல்லாத மனிதர், சிவப்பு நிறத்தில் ஒரு மசில் காரை வாங்கினார். ஊரில் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பூசைக்கு அந்த வண்டியில்தான் போவார். எஞ்சின் சத்தத்தில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிடுவார் என்று கேலி பேசுவார்கள். ஆனால் ஓட்டினால் அழகாக ஓட்டுவார். அவருக்கு வருத்தம் ஒன்றுதான்: மகள் ஒவ்வொரு முறையும் வாடகைக் காரில் வந்து வாடகைக் காரில் போகிறாள். "இந்தத் தடவ நானே கொண்டுபோயி விடப்போறேன் மதாம். மெட்ராஸ் ஏர்போர்ட் வரைக்கும். மூணு மணி நேரம் அவ எங்கூட பேசிக்கினே வரணும். வீட்டுல இருந்தா போனப் பாத்துக்கினு இருக்கா" என்றார். அதற்காகத்தான் வண்டியைத் தூக்கித் தரச் சொன்னார். பின்பக்கம் முழுக்கப் பிரித்துச் சேர்த்தோம். நான் ஓட்டிப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலைப்பொழுது. முன்னறைக் கூரை ஒழுகியது. வாளி எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். வழக்கப்படி நான் அங்கே போகக்கூடாது. வேறொருவருடைய வண்டி லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சக்கரங்கள் கழற்றப்பட்டு, இரும்புக் கைகள் கீழே தொங்கிக் கிடக்க, ஏழுமலை நீண்ட ஸ்பானரால் புஷ் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். 'டக்' என்று சத்தம் வந்தது. அது அளவு சரியாகிவிட்டது என்று ஸ்பானர் சொல்லும் சத்தம். கடைசி முறுக்கு.

"ஏழுமல, இறக்கினப்புறம் இன்னொரு தடவ டைட் பண்ணுவல்ல?" என்றேன்.

"இறக்கினா எப்டிக்கா? வயிறு தரையில படுத்துக்குது. கை எங்க போவும்?"

"முன்னாடி எப்படிப் பண்ணின?"

"முன்னாடி பள்ளத்துல நின்னுக்கினு பண்ணுவோம். வண்டி மேல நாலு கால்ல நிக்கும். இப்பத்தான் மேல தூக்கிடறமே." அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானரைக் கீழே வைத்தான். "இன்னாக்கா?"

நீங்கள் படித்திருப்பீர்கள். வண்டி தன் எடையோடு தரையில் நிற்கும்போதுதான் அந்த போல்ட்டை முழுசாக முறுக்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் இயல்பான நிலையில் இருக்கும். அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரைக்கு வந்ததுமே ரப்பர் முறுக்கிக்கொள்ளும். துணியைப் பிழிந்து அப்படியே பிடித்துக்கொண்டிருப்பதைப் போல. அதனால்தான் எனக்கு இறுக்கம் தெரிந்தது. கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும். பின்சக்கரத்தின் திசையைப் பிடித்திருக்கும் கையில் அது கிழிந்தால், நீங்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கிற நேரம் பார்த்துச் சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அவ்வளவு பலமான எஞ்சின், அகலமான டயர், ஈரமான ரோடு. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளம் இருந்த காலத்தில் இது எங்களுக்கு ஒரு விதியாகவே தெரிந்ததில்லை. பள்ளத்தில் நின்று வேலை செய்தால் வண்டி தரையில்தான் நிற்கும், வேறு வழியே கிடையாது. ஏழுமலைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை. எனக்கோ புத்தகத்தில் படித்துத் தெரியும். ஆனால் நான்தான் பின்கட்டுக்கே வராதவள் ஆயிற்றே. பள்ளத்தை மூடச் சொன்னதும் நான். அதன் மேல் பூசிய சிமெண்டில் நின்றுகொண்டுதான் இதையெல்லாம் புரிந்துகொண்டேன்.

லிஃப்ட் வந்தபிறகு இப்படிச் செய்து வெளியே அனுப்பிய வண்டிகள் ஏழு. நோட்டைப் புரட்டினேன். ஆறு வண்டிகள் எங்கே இருக்கின்றன என்று தெரியாது, கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஏழாவது எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்குத்தான் செலினுக்கு விமானம். முசே முந்தின நாள் போன் செய்து, "பதினோரு மணிக்குக் கெளம்பறேன் மதாம்" என்று சொல்லியிருந்தார். மணி பதினொன்று இருபது.

முதலாளியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. அவர் சொன்னதைக் கேளுங்கள், அந்த இடத்தில் நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். "ரெண்டு மாசம்தான ஆச்சு நூர்? அதுக்குள்ளயா கிழிஞ்சிடும்? ஃப்ளைட்டுக்குப் போறவர வழியில நிறுத்துவாங்களா? டயர்ல காத்து கொறைவா இருக்குன்னு சொல்லி மெதுவா ஓட்டச் சொல்லு. திரும்பி வந்ததும் நாமளே பாத்து மாத்திடலாம். வெளிய தெரிஞ்சா அந்த ஆறு பேரும் இன்னா சொல்லுவாங்க?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பெரும்பாலும் அவர்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கிழியாமலும் இருக்கலாம். தெரியாத ஒன்றுக்காக ஒரு தகப்பனையும் மகளையும் மழையில் நடுரோட்டில் இறக்கிவிடுவதா? பொய் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் "மெதுவா ஓட்டுங்க" என்று சொன்னால் முசே எப்படி ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். பத்து கிலோமீட்டர் மெதுவாகப் போவார். வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்று தோன்றும். விமானத்துக்கு நேரமாகும். அப்புறம் கால் தானாக அழுத்தும்.

முசேயின் எண்ணுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போன் எடுக்காதவர். வண்டிக்கான அட்டையில் மகளின் எண்ணையும் எழுதியிருந்தார். செலின் எடுத்தாள். அப்பாவிடம் கொடு, இல்லை, ஸ்பீக்கரில் போடு என்றேன்.

"மதாம்! இன்னா சமாச்சாரம்?" உற்சாகமாக இருந்தது குரல். பின்னால் வைப்பர் ஓடும் சத்தம்.

"முசே, எங்க இருக்கீங்க?"

"காலாப்பட்டு தாண்டப்போறேன். யூனிவர்சிட்டி கேட்டு தெரியுது."

"வண்டிய ஓரமா நிறுத்துங்க. பிரேக்க அழுத்தி அடிக்காதீங்க, காலையும் படக்குன்னு எடுக்காதீங்க. மெல்ல மெல்ல."

"ஏன்?"

"பின்னாடி ஒரு ரப்பர் புஷ்ஷ நாங்க தப்பா டைட் பண்ணியிருக்கோம். கிழிஞ்சிருக்கலாம்."

"கிழிஞ்சிருக்கா?"

"தெரியாது."

அவர் சொன்னார், கோபமில்லாமல்: "நீங்கதான ஓட்டிப் பாத்தீங்க? நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா முசே. அந்தக் கையெழுத்து தப்பு."

பக்கத்தில் முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். செலின் குறுக்கே புகுந்தாள். அப்பாவை அவள் பிரெஞ்சுக்காரர்கள் மாதிரி பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். "பாப்பா, நேரமாயிடும். நிறுத்தாதீங்க. வண்டி நல்லாத்தான் போவுது."

"மெதுவா ஓட்டிக்கினு போனா ஆவாதா மதாம்?" என்று முசே கேட்டார். கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அந்த மனிதர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லோரும் சந்தோஷமாகியிருப்போம். முதலாளி சொல்லச் சொல்லித் தலையாட்டினார்.

"நான் ஓட்ட மாட்டேன் முசே. மெதுவாக்கூட ஓட்ட மாட்டேன்."

"தக்கோர்" என்றார். சரி என்று அர்த்தம். போன் துண்டிக்கப்பட்டது.

வண்டி தூக்கிச் செல்லும் லாரியைச் சொல்லிவிட்டு, நானும் ஏழுமலையும் பட்டறை வேனில் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு வண்டி ரோட்டோரத்தில் விளக்கை மினுக்கிக்கொண்டு நின்றது. முசே பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். குடையை மகளிடம் கொடுத்துவிட்டாராம். செலின் இல்லை.

"மெட்ராஸ் பஸ் வந்துது. கையக் காட்டினேன், நிறுத்திட்டான்" என்றார். "பெட்டிய உள்ள தள்றதுக்குள்ள கண்டக்டரு விசில் அடிச்சிட்டான். ஒரு முத்தம்கூடக் குடுக்கல. அவ்ளோதான், போயிட்டா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்தார். ஏற்றுக்கொண்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை தெரியவில்லை. செலின் கடைசி நிமிடத்தில் விமானத்தைப் பிடித்துவிட்டாள் என்று சாயங்காலம் செய்தி வந்தது.

வண்டியைப் பிரிக்கும்போது தானும் இருக்க வேண்டும் என்றார் முசே. ஈரச் சட்டையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நானும் வழக்கத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பின்கட்டில் நின்றேன். இடது பக்கத்து ரப்பர் முறுக்கிக்கொண்டிருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. வலது பக்கத்தில், ரப்பர் இரும்பை விட்டு ஒரு ஓரமாகப் பிரிந்திருந்தது. நகம் உள்ளே போனது. அவ்வளவுதான். கிழிந்து தொங்கவில்லை.

"இது எப்ப போயிருக்கும்?" என்றார்.

"தெரியாது முசே. இன்னிக்கே போயிருக்கலாம். பொங்கல் வரைக்கும் தாங்கியும் இருக்கலாம்."

அவர் அந்த ரப்பரை உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மேசைமேல் வைத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

முதலாளி ஏழுமலையைப் பார்த்து, "நாளையிலேந்து நீ வராத" என்றார். ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டு கையைத் துடைத்தான். அது எனக்குத் தாங்கவில்லை. "பள்ளத்த மூடச் சொன்னது நான். ஓட்டிப் பாத்து நல்லாருக்குன்னு எழுதினதும் நான். அவன் கிட்ட யாரு இன்னா சொன்னோம், அவன் மறக்கறதுக்கு? அனுப்பறதுன்னா என்ன அனுப்புங்க" என்றேன். கத்திவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன், பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். முதலாளி யாரையும் அனுப்பவில்லை. அன்றே மற்ற ஆறு பேருக்கும் போன் செய்து உள்ளதைச் சொன்னோம். இரண்டு பேர் திட்டிவிட்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். நாலு பேர் வந்தார்கள். முசேயின் வண்டிக்கும் அவர்கள் வண்டிகளுக்கும் புது ரப்பர் போட்டுச் சரியாக முறுக்கிக் கொடுத்தோம். வண்டி சக்கரத்தில் நின்றபடியே உயரும் மாதிரி வேறொரு லிஃப்டும் பிறகு வந்தது. ஓட்டிப் பார்க்கும் முன் வேலையைச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. அது நல்ல வழக்கம்தான். கையெழுத்துப் போடும் முன் பின்கட்டுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வருவதைச் சேர்த்துக்கொண்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும். பழையதை மூடுகிறபோது, அது யாருக்கும் தெரியாமல் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறது என்று தோன்றினாலும் ஏன் என்று கேளுங்கள். இதை எல்லாம் எந்தப் பெரிய மனுஷியும் சொல்லுவாள்.

அடுத்த சித்திரை மாதம் முசே இறந்துபோனார். நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், இரண்டு நாள்தான் இருந்தார். செலின் விமானம் பிடித்து வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அடக்கத்துக்கு நானும் ஏழுமலையும் போயிருந்தோம். கூட்டத்தில் அவளருகே போக எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன சொல்வது? அந்த மூன்று மணி நேரத்தை அவர்களிடமிருந்து எடுத்தவள் நான். மறுபடி அவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து அவளே பட்டறைக்கு வந்தாள், அந்தச் சிவப்பு வண்டியில். அப்பாவைப் போலவே அழகாக ஓட்டினாள். முன்னறையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் மதாம். அன்னிக்கு நாங்க நிறுத்தாமப் போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தூங்காத கண்கள். அவளுக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நிச்சயமாக விபத்து நடந்திருக்கும், அப்பா உன் உயிரைக் காப்பாற்றினார் என்று நான் சொல்ல வேண்டும். சொன்னால் அந்த மழையும் பஸ்ஸும் அவளுக்குப் பொருள் உள்ளதாகிவிடும். எனக்கும் ஆறுதல்தான். ரப்பர் பிரிந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தவள், நான் சொன்னால் யார் மறுக்கப்போகிறார்கள்? பிள்ளைகளே, போனில் முசே கெஞ்சியபோது பொய் சொல்லாமல் இருந்தது எனக்குக் கஷ்டம்தான். இது அதைவிடக் கஷ்டம்.

"தெரியாதும்மா" என்றேன். "ஒண்ணும் ஆவாமயும் போயிருக்கலாம். ஏர்போர்ட்டுல அவரு உன்னக் கட்டிப்பிடிச்சு அனுப்பியும் இருக்கலாம்."

அவள் அழுதாள். நானும் அழுதேன். வெளியே ஏழுமலை எதையோ தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

"பஸ் கண்ணாடி வழியாத்தான் அப்பாவக் கடைசியாப் பாத்தேன்" என்றாள். "மழையில முகம்கூட சரியாத் தெரியல. எத்தன நாள் உங்க மேல கோவமா இருந்தேன் தெரியுமா? கண்டிப்பா ஆயிருக்கும்னு நீங்க சொல்லியிருந்தா உங்கள மன்னிக்கறது சுலபமா இருந்திருக்கும்."

அவள் குடிக்காத தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஆனா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வண்டியை விற்கப் போவதாகவும், திண்டிவனத்தில் ஒருவர் கேட்டிருப்பதாகவும், அவருக்கு ஒரு சின்னப் பெண் இருப்பதாகவும் சொன்னாள். பிறகு சாவியை என் கையில் வைத்தாள்.

"குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ ஓட்டிப் பாத்துடுங்க மதாம்."